பின்பக்கத்துப் பித்தளை

கண்பாவை விரிய மூன்றாவது தடவை சொட்டு மருந்து விட்டுவிட்டு, "கண்ணை மூடியே வெச்சிருங்கம்மா, நான் வந்து கூப்பிடற வரைக்கும் தொறக்காதீங்க," என்று நர்ஸ் நகர்ந்துபோனதும் துளசிமணி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். மருந்து எரிந்தது. கன்னத்தில் வழிந்ததை முந்தானையில் ஒற்றிக்கொண்டாள். கண்ணை மூடினால் இருட்டாகிவிடும் என்று பார்த்தால் ஆகவில்லை. நேர் மேலே ட்யூப்லைட், இமைக்குள் எல்லாம் சிவப்பு. மங்கின சிவப்பு, இது பத்தாது, இன்னும் சூடு ஏறி ஆரஞ்சுக்கு வரவேண்டும், அப்போதுதான் பித்தளை உருகி ஓடும் என்று தன்னையறியாமல் நினைத்தாள். சற்று முன்பு அந்த டாக்டர் பெண், மகள் வயதுதான் இருக்கும், கருவியில் தாடையை வைக்கச் சொல்லி இரண்டு கண்ணிலும் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டுலயும் புரை இருக்கும்மா, வலது கண்ணுல கொஞ்சம் அதிகம், எத்தனை மாசமா மங்கலா இருக்கு?" என்று கேட்டாள். "ரெண்டு மாசமாத்தானுங்க." யோசிக்காமல் வந்த பதில். யோசிக்காமல் வந்ததாலேயே அது பொய் என்று தெரிந்தது. பிறகு இவளாகவே கேட்டாள், கேட்டிருக்கவே வேண்டாம், "நிறமெல்லாம் மாறித் தெரியுமுங்களா?" டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னாள், "எல்லாத்துலயும் கொஞ்சம் மஞ்சளடிச்ச மாதிரி தெரியும். மெள்ள மெள்ள வர்றதுனால உங்களுக்கே தெரியாது. ஆபரேஷனுக்கு அப்புறம்தான், அட, இவ்வளவு நாளும் இப்படியா பாத்துட்டு இருந்தோம்னு இருக்கும்." டாக்டர் அதை நல்ல செய்தி மாதிரிதான் சொன்னாள். புடவைக்கடையில் நிற்கிறவளுக்கு, சாம்பார் வைக்கிறவளுக்கு அது நல்ல செய்திதான். ஆரஞ்சையும் சிவப்பையும் பிரித்துப் பார்த்து, அதன் நடுவே ஒரு மஞ்சள் கோடு ஓடுகிறதா இல்லையா என்று பார்த்தே பதினோரு வருஷம் சோறு தின்றவளுக்கு?

துளசிமணி சைக்கிள் செய்கிறவள். சைக்கிள் என்றால் முழு சைக்கிள் இல்லை, சட்டமும் முன்பக்க ஃபோர்க்கும். சக்கரம், பிரேக், சங்கிலி எல்லாம் வெளியிலிருந்து வருகிறது. ஆவாரம்பாளையத்தில் மோட்டார் சுற்றும் பட்டறைக்கும் ஒரு மாவு மில்லுக்கும் நடுவில் ராமபத்ரன் சாரின் கடை. அவர் பம்பு கம்பெனியில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவர். இவள் அதே கம்பெனிக்கு வெளி வேலையாகச் செம்புக் குழாய் பற்றவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவர் இவள் பற்றவைத்த இணைப்பு ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நான் வேலையை விடப்போறேன், எஃகுக் குழாயில ஆளுக்குத் தகுந்த மாதிரி சைக்கிள் செஞ்சு விக்கப்போறேன், நீங்க வர்றீங்களா என்றார். மனுசனுக்கு வெயில் அடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். சைக்கிள் கடைக்குப் போனால் அன்றைக்கே ஒரு சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம், யார் வந்து காலை அளக்கக் கொடுத்து ஆறு மாதம் காத்திருப்பார்கள்? காத்திருந்தார்கள். டாக்டர்கள், கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள், ஒரு நீதிபதி, ஒரு பாதிரியார். இப்போது ஆர்டர் கொடுத்தால் அடுத்த பங்குனிக்குத்தான். இதில் ஒரு வேடிக்கை, துளசிமணிக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. சின்ன வயதில் பழகவில்லை, பிறகு நேராக மொபெட்டுக்குப் போய்விட்டாள். வாங்க வருகிறவர்களிடம் சார் இதைச் சொல்லக் கூடாது என்பார். அவர் அவர்களிடம் சொல்வது வேறு. எஃகுக்கு உயிர் இருக்கு, எஃகு உங்க கூடப் பேசும், செஞ்ச கை அதுக்குள்ள இருக்கும். இணையத்திலும் அப்படியே எழுதி வைத்திருக்கிறார், இவள் பற்றவைக்கும் டார்ச்சைப் பிடித்திருக்கும் படத்தைப் போட்டு. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் இவளுக்குக் கூச்சமாக இருக்கும். உயிராவது ஒண்ணாவது. குழாய், அதைச் சேர்க்கும் உறை, நெருப்பு, பித்தளை. அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். அதை எழுதினால் யார் வாங்குவார்கள் என்று சார் கேட்பார், அதுவும் நியாயம்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் கடையில் சண்டை நடக்கும். சண்டை என்றால் வாய்ச்சண்டை, டீ வாங்கி வைத்துக்கொண்டு. இந்த மாதிரி ஒரு சனிக்கிழமையில்தான் இர்ஃபான் முதன்முதலில் வந்தார். காலேஜில் கெமிஸ்ட்ரி வாத்தியார், நாற்பது வயது, சௌரிபாளையத்தில் வீடு, முந்நூறு கிலோமீட்டர் நானூறு கிலோமீட்டர் என்று சைக்கிளில் போகிறவர். கூடவே சிநேகிதர் வருண், கையில் ஒரு கார்பன் வண்டி, இரும்பே இல்லாமல் கார்பன் நாரில் மெஷின் செய்தது. அதை ஒற்றை விரலில் தூக்கிக் காட்டினார் வருண், "ஏழு கிலோ சார். உங்களுது எவ்வளவு? பத்தரையா? அந்த மூணரைக் கிலோவை நான் எதுக்கு மலையில தூக்கிட்டுப் போகணும்?" சார் உடனே உயிர், பேச்சு, கை என்று ஆரம்பித்தார். வருண் விடவில்லை, அதெல்லாம் பழசு மேல இருக்கிற பாசம் சார், தாத்தா ஓட்டின வண்டின்னு ஒரு இது, அவ்வளவுதான், மெஷின் செஞ்சதுல தப்பு இருக்காது, ஆள் செஞ்சதுல இருக்கும் என்றார். இர்ஃபான் இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மூலையில் அரம் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்த இவளைப் பார்த்துத் திரும்பினார். "அக்கா, நீங்க என்ன நினைக்கறீங்க?" பதினோரு வருஷத்தில் ஒருத்தர்கூட அவளிடம் அதைக் கேட்டதில்லை. அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள். "எடையெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. இரும்பு போறதுன்னா ஒரேயடியாப் போகாதுங்க. மொதல்ல பெயிண்ட்டுல மசுராட்டம் ஒரு கோடு விழும், அப்புறம் சத்தம் குடுக்கும். பாத்து எறங்கிக்கலாம்." இர்ஃபான் அன்றைக்கே அளவு கொடுத்துவிட்டுப் போனார். சார் மூன்று நாள் அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்து, பிறகு அதையும் இணையத்தில் போட்டுவிட்டார். சொன்னது பொய்யில்லை. ஆனால் அதில் ஒன்று பாக்கி இருந்தது, அதை அவள் சொல்லவில்லை, அப்போது தோன்றவுமில்லை. மூட்டுக்குள்ளே பித்தளை முழுக்க இறங்கியிருந்தால்தான் அது. இறங்காத மூட்டு கோடும் காட்டாது சத்தமும் கொடுக்காது. குழாய் உறையை விட்டு உருவிக்கொண்டு வந்துவிடும், அவ்வளவுதான், ஒரு நொடி.

"ஏனுங்க, உங்களுக்கும் ரெண்டு கண்ணுமுங்களா?" பக்கத்து நாற்காலி அம்மாள் கேட்டாள். பொள்ளாச்சிப் பக்கம் என்று பேச்சிலேயே தெரிந்தது. "ஆமாங்க." "எனக்கு ஒண்ணுதானுங்க. காத்தால ஆறு மணிக்கு பஸ் ஏறுனது, ஒரு வாய் காப்பித்தண்ணி குடிச்சதோட சரி." "அப்படீங்களா." அந்த அம்மாள் பெருமூச்சு விட்டாள். யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு போனார்கள். பினாயில் வாசம். துளசிமணி எண்ண ஆரம்பித்தாள். ரெண்டு மாசம் என்றால் ஆனி. ஆனியிலா ஆரம்பித்தது? ஆனிக்கு முன்பு மகள் திருப்பூரிலிருந்து வந்திருந்தபோது, அம்மா, காலண்டரை எதுக்கு மூஞ்சிக்கிட்ட கொண்டு போறே என்று கேட்டாள், அது வைகாசி. அதற்கும் முன்பு, மொபெட்டில் வரும்போது எதிர் வண்டி விளக்கைச் சுற்றி ஒரு வளையம், மழை பெய்கிற மாதிரி, மழை இல்லை, அது பங்குனி. ஆக சித்திரையில் கண் சரியில்லை. அவளுக்குத் தெரியாது, ஆனால் சரியில்லை. சித்திரையில் செய்தது இர்ஃபானின் ஃபோர்க். அங்கே வந்து நின்றது. கண்ணை மூடிய நேரத்திலிருந்து எங்கெங்கோ சுற்றி அங்கேதான் வரப் பார்த்தது, அவள்தான் பிடித்துப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கு இரண்டு கால். இரண்டும் மேலே ஒரு தடித்த எஃகுக் கட்டையில் சேரும், கிரவுன் என்பார்கள். அந்தக் கட்டையின் நடு ஓட்டையில் ஹேண்டில்பாருக்குப் போகும் குழாய் இறங்கி உட்காரும். ஓட்டுகிற ஆளின் எடையும் பிரேக் பிடிக்கிற விசையும் அந்த ஒரு மூட்டில்தான் வந்து இறங்கும். கட்டை தடிமன், குழாய் மெல்லிசு. கட்டை சூடாவதற்குள் குழாய் கருகும். அதனால் டார்ச்சை கட்டை மேலேயே விளையாட விட்டு, கீழ்ப் பக்கத்தில் பித்தளைக் கம்பியை வைத்து, மேல் பக்கத்தில் குழாயைச் சுற்றி ஒரு மஞ்சள் வளையம் எட்டிப் பார்க்கிறதா என்று பார்க்க வேண்டும். எட்டிப் பார்த்தால் பித்தளை உள்ளே முழுக்க இறங்கிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு வெக்கை. நெருப்பு அலையும் என்று ஃபேனை நிறுத்தியிருந்தாள். முன்பக்கத்தில் வளையம் வந்தது, பளிச்சென்று. பின்பக்கம் திருப்பினாள். பின்பக்கத்தில், பித்தளை ஒட்டுவதற்காகப் பூசிய ஃப்ளக்ஸ் மாவு கொஞ்சம் கருத்திருந்தது, சூடு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம், கருத்த இடத்தில் பித்தளை ஒட்டாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். பார்த்தாள். மஞ்சள் இருந்தது. இருந்ததா? இருக்கிறது என்று டார்ச்சை அணைத்தாள். அதைத்தான் இந்த நாலு மாதமாக அவ்வப்போது நினைத்துக்கொள்கிறாள், அரிசி களையும்போது, பஸ்ஸுக்கு வழி விடும்போது. பார்த்ததால் இருக்கிறது என்று நினைத்தாளா, இருக்க வேண்டும் என்பதால் பார்த்தாளா. எல்லாமே மஞ்சளடிச்ச மாதிரி தெரியும் என்று டாக்டர் சொல்லாத வரைக்கும் அது ஒரு முள் மாதிரி இருந்தது, நடந்தால் குத்தும், நின்றால் தெரியாது. அன்றைக்கே சாரிடம், இதை அறுத்துப் போட்டுட்டு வேறே செய்யறேன் சார் என்று சொல்லியிருந்தால் ஒரு நாள் வேலை. சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? கண்ணைப் பற்றிக் கேட்பார் என்றா? இல்லை, அப்போது கண்ணைப் பற்றி நினைக்கவேயில்லை. தப்பு செய்யமாட்டாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், அவளும் அந்த எல்லோரில் ஒருத்தியாக இருந்தாள். பிறகு மணல் அடித்துச் சுத்தம் செய்தார்கள், கரும்பச்சை பெயிண்ட் போட்டார்கள், பெயிண்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

ஆனால் வால்பாறை போய்விட்டு வந்தாரே. நாற்பது கொண்டை ஊசி வளைவு, ஏறி, இறங்கி. ஒன்றும் ஆகவில்லையே. போட்டோ அனுப்பினார், பச்சை வண்டி ஒரு டீ எஸ்டேட் ஓரமாகச் சாய்ந்து நிற்கிறது. அதற்குப் பிறகும் வாரா வாரம் ஓட்டுகிறார். உடையறதாக இருந்தால் இதற்குள் உடைந்திருக்கும். இந்த இடத்தில் கொஞ்சம் மூச்சு வந்தது. உடனே இன்னொன்றும் வந்தது, எஃகு ஒரு நாளில் சோர்வதில்லை, ஒவ்வொரு குழியாக, ஒவ்வொரு பிரேக்காகச் சோரும், வால்பாறை போய் வந்ததால்தான் இப்போது இன்னும் பலமில்லாமல் இருக்கும். நாளைக்கு சனிக்கிழமை. நாளைக்குக் காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு சத்தியமங்கலம், திம்பம், ஆசனூர், திரும்ப அதே வழி. திம்பத்தில் இருபத்தேழு வளைவு. இறக்கம். லாரிகள். போன வாரம் கடைக்கு வந்து சங்கிலியைப் பார்க்கச் சொன்னபோது அவரேதான் சொன்னார், இறங்கும்போதுதான் அக்கா இந்த வண்டியோட அருமை தெரியும், கோடு போட்ட மாதிரி இறங்கும். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண் கிரவுனுக்குப் போனது, பச்சையாக இருந்தது. அவருடைய மனைவியும் கூட வந்திருந்தாள், ஸ்கூட்டரை விட்டு இறங்காமல் வாசலில் இருந்தே, சீக்கிரம் வாங்க என்று சொன்னாள். பதினெட்டாவது வளைவில் ஒரு லாரி வருகிறது, முன் பிரேக்கைப் பிடிக்கிறார், வேண்டாம், நிறுத்து. அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கைப்பிடியும் எஃகுக் குழாய்தான், வெல்டிங் சுமாராக இருந்தது, விரலுக்குக் கரடு தட்டியது.

சொன்னால் என்ன ஆகும்? கடை போகும். போகாவிட்டாலும் பேர் போகும், சார் பேர், அவர் அந்தக் கடையை வீட்டை விற்றுத்தான் ஆரம்பித்தார். அது ஒன்று மட்டுமில்லையே, சித்திரைக்குப் பிறகு இன்னும் ஆறு ஃபோர்க் செய்திருக்கிறாள். அந்த ஆறிலும் கண் இதே கண்தான். சந்தேகம் வந்தது இதில் மட்டும், ஆனால் சந்தேகம் வராததுதான் இன்னும் மோசம் இல்லையா? ஏழு பேரையும் கூப்பிட வேண்டும். சொன்ன பிறகு டார்ச்சை யார் கையில் கொடுப்பார்கள்? அறுத்துப் பார்த்து உள்ளே பித்தளை முழுக்க இருந்துவிட்டால்? வீணாக ஒரு வண்டியைப் பாழாக்கி, வீணாக ஒரு பேரைக் கெடுத்து, வயசான பொம்பளை பயந்துக்கிட்டா என்பார்கள். திங்கட்கிழமை சொல்லலாம். ரெண்டு நாள்தானே நடுவில். அதில் ஒரு நாள்தானே திம்பம். சாரிடம் முதலில் பேசலாம். சார் பேசுவார், நன்றாகப் பேசுவார், பேசி முடிக்கும்போது இவளுக்கே எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றிவிடும். அதுதான் பயமாக இருந்தது. துளசிமணி கண்ணைத் திறந்தாள்.

உலகம் மொத்தமும் வெள்ளையாக எரிந்தது. பையில் கைவிட்டுப் போனை எடுத்தாள். திரையில் வெளிச்சம் மட்டும் இருந்தது, எழுத்தெல்லாம் கரைந்து போயிருந்தது. தூரத்தில் பிடித்தாள், கிட்டத்தில் பிடித்தாள். "ஏனுங்க, இதுல பேரு படிக்க முடியுமுங்களா?" பொள்ளாச்சி அம்மாள் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டாள். "எனக்கும் மருந்துதானே அம்மிணி விட்டுருக்கு. இந்த வரிசையில ஒருத்தருக்கும் தெரியாதுங்க." நர்ஸைக் காணோம். துளசிமணி எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வெளிச்சம் அதிகமாக வருகிற திசையில் நடந்தாள், அங்கேதான் வாசல் இருக்க வேண்டும். நீலமாக ஓர் உருவம் எழுந்து நின்றது, செக்யூரிட்டி. "எங்கீங்க போறீங்க, கண்ணு இப்படி வெச்சுக்கிட்டு?" "ஒரு போன் போட்டுக் குடுங்க. இர்ஃபான் சார் பச்சைன்னு இருக்கும்." அவர் தேடினார். "நீதிபதி ஐயா சிவப்புன்னு இருக்குது. ஃபாதர் வெள்ளைன்னு இருக்குது. எல்லாமே கலராத்தான் இருக்குதுங்க. ஆ, இர்ஃபான் சார் பச்சை." அழைத்துக் கையில் கொடுத்தார்.

"சொல்லுங்க அக்கா," என்றார் இர்ஃபான். பின்னால் குக்கர் சத்தம்.

"சார், நாளைக்கு அந்த வண்டியில போகாதீங்க."

"ஏன் அக்கா?"

யோசித்து வைத்திருந்த ஒன்றும் வாயில் வரவில்லை. கண் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்றாள், புரை என்றாள், சித்திரையிலேயே இருந்திருக்கும் என்றாள். கிரவுனின் பின்பக்கத்தைப் பற்றிச் சொன்னாள், அன்றைக்கே சந்தேகம் வந்தது என்பதையும் சொன்னாள், அதை விட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம், சொன்னாள். அந்தப் பக்கம் யாரோ அடுப்பை அணைத்தார்கள்.

"அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதுங்க. சந்தேகம்."

"நான் வால்பாறை போயிட்டு வந்தேன். உங்களுக்குப் போட்டோ அனுப்பினேன். நீங்க சந்தோஷம்னு பதில் போட்டீங்க."

"ஆமாங்க."

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. "இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டார், பரீட்சை ஹாலில் கேட்கிற மாதிரி ஒரு குரலில். கடைக்குக் கொண்டுபோங்க, ஓட்டிக்கிட்டு வேண்டாம், ஆட்டோவுல, சார்கிட்ட நான் சொல்றேன், கழட்டி அறுத்துப் பாக்கச் சொல்லுங்க என்றாள். "இப்பவே போறேன். ஜும்மா தொழுகைக்குள்ள வந்துரணும்," என்று அவர் வைத்துவிட்டார்.

ராமபத்ரன் சாருக்கும் செக்யூரிட்டிதான் போட்டுக் கொடுத்தார். சார் எல்லாவற்றையும் கேட்டார். மாவு மில் ஓடுகிற சத்தத்தின் நடுவே அவர் மூச்சு கேட்டது. "துளசிம்மா, எனக்கு முதல்ல சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீங்க பேசியிருப்பீங்க சார்."

அவர் அறுக்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

நர்ஸ் வந்து கையைப் பிடித்து அழைத்துப்போய்த் திரும்ப உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொன்னாள். மறுபடியும் சிவப்பு. இப்போது இர்ஃபான் ஆட்டோவில் இருப்பார், வண்டியைக் குறுக்காக வைத்துப் பிடித்துக்கொண்டு. இப்போது லட்சுமி மில் சிக்னல். சார் ஹேண்டில்பாரைக் கழற்றுவார், அப்புறம் ஃபோர்க், அப்புறம் வைஸில் இறுக்குவார், அவருக்கு வைஸில் ஒழுங்காக இறுக்கத் தெரியாது, பெயிண்ட் உரியும், உரிந்தால் என்ன. அவள் ஒன்றை வேண்டிக்கொள்ளப் பார்த்தாள், எதை வேண்டுவது என்று தெரியவில்லை. பித்தளை முழுக்க இருக்கட்டும் என்றா? இருந்தால் இவள் கை சரி, கடை சரி, இர்ஃபான் நாலு மாதமாக எந்த ஆபத்திலும் இருக்கவில்லை. அதைத்தான் வேண்ட வேண்டும். ஆனால் அடியில் எங்கோ, அசிங்கமாக, இல்லாமல் இருக்கட்டும் என்றும் ஒன்று இருந்தது, கூப்பிட்டதற்கு ஒரு அர்த்தம் இருக்கட்டும் என்று. பொள்ளாச்சி அம்மாளை உள்ளே கூப்பிட்டார்கள். அவள் போகும்போது, "வரட்டுங்களா அம்மிணி, பதட்டப்படாதீங்க, அஞ்சு நிமிசத்துல ஆயிருமாமா," என்று தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். கண்ணைத்தான் சொல்கிறாள். கை சூடாக இருந்தது.

போன் மடியில் அதிர்ந்தது. விரலால் தடவித் தடவி எடுத்தாள். சார். "பாத்துட்டோம் துளசிம்மா. பெருசா ஒண்ணும் இல்ல. போட்டோ அனுப்பியிருக்கேன், பாருங்க."

"எனக்குக் கண்ணு தெரியாதுங்களே சார். சொல்லுங்க."

"கொஞ்சம் இடைவெளி இருக்கு. எல்லா மூட்டுலயும் கொஞ்சம் இருக்கும். இது இருபது வருஷம்கூட ஓடியிருக்கும்."

அவர் குரல் வாடிக்கையாளரிடம் பேசுகிற குரலாக இருந்தது. இவளுக்காகத்தான் அப்படிப் பேசுகிறார், அது புரிந்தது. "இர்ஃபான் சார்கிட்டக் குடுங்க சார்," என்றாள். கை மாறியது.

"நீங்க சொல்லுங்க. அப்படியே சொல்லுங்க."

இர்ஃபான் தொண்டையைச் செருமினார். "முன்பக்கம் பித்தளை முழுசா இருக்கு. ரெண்டு பக்கவாட்டுலயும் இருக்கு. பின்பக்கம் இல்ல. மேல விளிம்புல ஒரு இழை, அதுக்குக் கீழ ஒண்ணும் இல்ல, கறுப்பா மாவுதான் இருக்கு. என் கட்டைவிரல் அகலத்துக்கு. உயரம், மூட்டு முழுக்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார், "ஓரத்துல துரு ஆரம்பிச்சிருக்கு."

அவள் கேட்டுக்கொண்டாள். முள்ளைப் பிடுங்கின இடம் எரிகிற மாதிரி எரிந்தது, ஆனால் எங்கே எரிகிறது என்று தெரிந்த எரிச்சல். ஆக அவள் மஞ்சளைப் பார்த்தது நிஜம், ஒரு இழை. "இது போயிருக்குமா?" என்று இர்ஃபான் கேட்டார். "சார் இருபது வருஷம்ங்கறார்."

"நாளைக்குப் போயிருக்காது. அப்படின்னு நெனைக்கறேன். ஆனா தெரியாதுங்க. எனக்குத் தெரியாது."

"சரி." ஒரு மோட்டார் பைக் அவர் அருகே கடந்து போனது. "நாளைக்கு நான் வருண்கிட்ட அவரோட இன்னொரு வண்டியைக் கேட்டிருக்கேன். கார்பன்."

"பாத்து எறங்குங்க."

"இதை நான் எங்க சைக்கிள் வாட்ஸப் குரூப்புல சொல்லித்தான் ஆகணும் அக்கா. உங்ககிட்ட வாங்கினவங்க இன்னும் ரெண்டு பேர் அதுல இருக்காங்க. உங்களைப் பத்தி உங்களுக்குத் தெரியாமப் பேசற மாதிரி இருக்கக் கூடாது. உங்களையும் சேத்துடட்டுமா?"

"சேத்துருங்க. சார்கிட்டப் போனைக் குடுங்க." மீதி ஆறு பேர் பெயரையும் அவள் கண்ணை மூடிக்கொண்டே வரிசையாகச் சொன்னாள். சார் எழுதிக்கொண்டார். நாலாவது பெயர் வந்தபோது, "ஃபாதருமா?" என்றார். "ஃபாதருந்தானுங்க." "நானே ஒவ்வொருத்தரா கூப்பிடறேன்," என்றார் சார். இந்தத் தடவை அவர் குரல் அவருடைய குரலாகவே இருந்தது.

ஒன்றரை மணிக்கு போன் அடங்காமல் குறுகுறுக்க ஆரம்பித்தது. டாக்டர் சாப்பிடப் போயிருந்தாள். துளசிமணி மறுபடியும் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். செக்யூரிட்டி டிபன் பாக்ஸை மூடிவைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தாள். வாசலுக்கு வெளியே ரோடு பாலாகக் காய்ந்துகொண்டிருந்தது, அதில் நிறமில்லாத வண்டிகள் போயின.

"இர்ஃபான்னு ஒருத்தர் போட்டிருக்காருங்க," என்று அவர் படித்தார், நோட்டீஸ் படிக்கிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல். "என் வண்டியின் ஃபோர்க்கை இன்று அறுத்துப் பார்த்தோம். உள்ளே பின்பக்கத்தில் பித்தளை இறங்கவில்லை. வெளியே எந்த அடையாளமும் தெரியவில்லை. செய்த துளசிமணி அக்காவே கூப்பிட்டுச் சொன்னார். இல்லையென்றால் எனக்குத் தெரிந்திருக்காது. சித்திரைக்குப் பிறகு அங்கே வாங்கியவர்கள் கடையில் காட்டாமல் ஓட்ட வேண்டாம். என் ஃபோர்க்கை மறுபடி அவரிடம்தான் கொடுக்கப்போகிறேனா என்று கேட்டால், இப்போது தெரியவில்லை. அவர் கண் சரியான பிறகு கேளுங்கள்."

"அடுத்தது?"

"வருண்னு ஒருத்தர். கையால் செய்தது கையால் செய்தது என்று பெருமை பேசினீர்களே, கை இப்படியும் செய்யும்ங்கறார். அதுக்குக் கீழ ஒருத்தர், கார்பன் கம்பெனிக்காரன் எவனாவது இது வரைக்கும் போன் பண்ணி நாளைக்கு ஓட்டாதேன்னு சொல்லியிருக்கானாங்கறார். அதுக்கு வருண், அவன் ஏன் சொல்லணும், அவனுதுல பித்தளையே கிடையாதேங்கறார். சிரிப்புப் படம் போட்டிருக்காருங்க. இன்னொருத்தர், எஃகோ கார்பனோ, செஞ்ச ஆளு பேர் தெரியறது ஒரு இதுதாங்கறார்." அவர் நிறுத்தினார். திரையை நகர்த்தினார். "இது பெரிசுங்க. சதாசிவம்னு. நேற்று நான் மருதமலையில் இறங்கினேன், அதே கடை ஃபோர்க், ஆடியில் வாங்கினது. என் பெண் தன் சைக்கிளில் என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள், எட்டு வயது. நான் விழுந்திருந்தால் அவள் என் மேல்தான் ஏறியிருப்பாள். சொல்லிவிட்டார்கள், நல்லது. சொல்லிவிட்டால் ஆச்சா?"

துளசிமணி கைகளை மடியில் வைத்தபடி இருந்தாள். சதாசிவம் சாம்பல் நிறம். அந்தச் சின்னப் பெண்ணும் அளவு கொடுக்க வந்த அப்பாவோடு வந்திருந்தது, கால் எட்டாமல் ஸ்டூலில் உட்கார்ந்து ஆட்டிக்கொண்டிருந்தது. கண்ணிலிருந்து வழிந்தது மருந்தா என்னவோ, துடைக்கவில்லை.

செக்யூரிட்டி அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். போனைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னும் வந்துட்டே இருக்குதுங்க அம்மா. போதுமுங்களா? அப்புறமா, கண்ணு தெரிஞ்சப்புறம் நீங்களே படிச்சுக்கலாம்."

உள்ளேயிருந்து நர்ஸ், "துளசிமணி யாரு? டாக்டர் வந்துட்டாங்க," என்று குரல் கொடுத்தாள்.

"இதோ வர்றனுங்க," என்று அந்தப் பக்கம் சொல்லிவிட்டு, துளசிமணி நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் செக்யூரிட்டியைப் பார்த்து, நீலமாக ஓர் உருவத்தைப் பார்த்து, "படிங்க," என்றாள்.